செக்ரோலில் ஏறாத குற்றங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)

     

இந்த மேடையில் ஏறினால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், ரப்பர் விலையைப் பற்றிப் பேசுவோம், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவோம். இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள் வேறு. பெண்கள் நடக்கும் பாதையில் ஆடையை விலக்கி அங்கத்தைக் காட்டுகிறவன், இருட்டில் கை நீட்டுகிறவன், சிறு பிள்ளையிடம் கெட்ட எண்ணத்தோடு நெருங்குகிறவன், இவர்களைப் பற்றியது அது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடலாமா என்று தலைவர் கேட்டார். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள் இருக்கட்டும் என்றோம். பாதையில் அவனைப் பார்க்க நேருகிறவர்கள் அவர்கள்தானே!

தோழர்களே! பால்மரக் காட்டு வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். ஒரு நிரையில் சில நூறு மரங்கள். அடுத்த நிரையில் வெட்டுகிறவரின் விளக்கு மினுக் மினுக்கென்று எங்கோ தெரியும். கூப்பிட்டால் கேட்கும், கேட்காமலும் போகும். காட்டு ஓரத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தோடு மரமாக நிற்கிறான். விளக்கொளி அவன்மேல் படுகிறது. அவன் நிற்கும் கோலத்தைப் பார்த்த பெண் கத்தியையும் வாளியையும் போட்டுவிட்டு ஓடினாள் என்றால், அன்று அந்த நிரை பாதிதான் வெட்டப்பட்டிருக்கும். செக்ரோலில் அரைப் பேர் விழும். காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதப்படும்? "உடம்பு சரியில்லை."

இதுதான் இன்றைய பேச்சின் சாரம். குற்றம் நடக்கிறது, புத்தகத்தில் ஏறுவதில்லை. ஏன் ஏறுவதில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கிராணிமாராகிய எங்களுக்கு ஒன்று தெரியும். ஒரு சொல் காட்டிலிருந்து ஆபீஸ் மேசைக்கு வந்து சேருவதற்குள் அதன் உருவம் எத்தனை தடவை மாறிவிடுகிறது என்பது. அந்தப் பெண் லயத்துக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுகிறாள். கணவனிடம் பாதியைச் சொல்லுகிறாள். மண்டோரிடம் போய் நிற்கும்போது, "அந்தப் பக்கம் ஓர் ஆள் சரியில்லை ஐயா" என்கிறாள். வேறு எந்தச் சொல்லைச் சொல்லுவாள்? அந்தச் சொற்களை ஆண்பிள்ளை முன்னால் சொல்லக் கூடாது என்றுதானே சிறு வயது முதல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்! மண்டோர் ஆபீசுக்கு வந்து, "ஏதோ பொம்பளைத் தகராறு" என்கிறார். ஆபீசில் இருப்பவர், "தகராறு, பேசித் தீர்த்தாயிற்று" என்று எழுதி மூடுகிறார். அக்காவிடம் சொன்ன முழுக் குற்றம் ஆபீசுக்கு வந்தபோது வாய்ச்சண்டையாகி, அதுவும் தீர்ந்துபோன வாய்ச்சண்டையாகி விட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கை மாறக் கை மாறத் தேய்ந்துபோயிற்று.

போலீஸ் நிலையம் வரை போனாலோ, அங்கே புகார் மலாய் மொழியில் எழுதப்படுகிறது. இன்னும் ஒரு கை.

சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் லயம் மறப்பதில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். காட்டோரத்தில் ஒருவன் இப்படி நின்றதை ஒரு பெண் மண்டோரிடம் தைரியமாகச் சொன்னார். மண்டோர் சிரித்தார். பிறகு, "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லி அவரை வேறு நிரைக்கு மாற்றினார். அந்த நிரை பட்டை தீர்ந்த கிழட்டு மரங்கள். மங்கில் பால் நிறையவில்லை, மாதச் சம்பளம் குறைந்தது. காட்டோரத்தில் நின்றவனுக்கு ஒன்றும் குறையவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணாவது வாய் திறப்பாளா? கணக்குத் தெரிந்தவர்கள் நம் பெண்கள். சொன்னால் எத்தனை வெள்ளி நட்டம் என்று பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறார்கள். அதை நாம் கூச்சம் என்று பெயர் வைத்து அழைக்கிறோம்.

வீட்டில் நடப்பதும் இதே கதைதான். பள்ளிக்கூட வண்டி நிற்கும் இடத்தில் ஒருவன் அசிங்கம் செய்தான் என்று மகள் சொன்னால், அடுத்த நாள் முதல் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று மகளையே நிறுத்துகிற தகப்பன்மார் உண்டு. மனைவி சொன்னால், "நீ ஏன் அந்தப் பக்கம் தனியாகப் போனாய்?" என்பதுதான் முதற் கேள்வி. பிறகு எதற்குச் சொல்லுவார்கள்? பையன்களுக்கும் இது நேருகிறது என்பதை மறக்க வேண்டாம். பையன் சொல்லுவது இன்னும் அரிது. ஆண்பிள்ளைக்கு என்ன வந்தது என்று சிரித்து விடுகிறோம்.

சரி, இது நம் தோட்டத்துக் கதை மட்டும்தானா? நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2012 ஜனவரி முதல் 2016 ஜூலை வரை மலேசியாவில் பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் என்று போலீசுக்கு வந்த புகார்கள் 12,987. அவற்றில் வழக்குத் தொடுக்கப்பட்டவை 2,189. தண்டனையில் முடிந்தவை 140. இந்தக் கணக்கை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்டது. சில வழக்குகள் அப்போது முடியாமல் இருந்திருக்கலாம். அதைத் தள்ளிப் பார்த்தாலும், புகார் 100-க்கு ஏறக்குறைய 17 வழக்கு, 1 தண்டனை. இது புகார் செய்யப்பட்டவற்றின் கணக்கு. புகாரே செய்யப்படாதவை இந்த 12,987-க்கு வெளியே கிடக்கின்றன. 2019-இல் யூகவ் என்ற நிறுவனம் மலேசியரிடம் விசாரித்தபோது, பெண்களில் 100-க்கு 36 பேர் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லைக்கு ஆளானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள். சொல்லாதவர்கள் கூறிய காரணங்களில் முதலாவது வெட்கம். அடுத்தது, சொன்னாலும் யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பது.

"எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு புகாரும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லுகிற மானேஜர்களும் கிளைத் தலைவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: ஒருத்தியின் பெயரைச் செக்ரோலில் ஏற்ற மறந்துவிட்டால், அவள் அன்று மரமே வெட்டவில்லை என்று ஆகிவிடுமா? பால் கொட்டகையில் அவள் ஊற்றிய பால் பொய்யாகிவிடுமா? ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு நான்கு புகார் வந்தால் அது கெட்ட தோட்டம், ஒன்றும் வராவிட்டால் நல்ல தோட்டம் என்று எண்ணக் கூடாது. நான்கு புகார் வந்த இடத்தில் காது கொடுத்துக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்றும் ஆகலாம் அல்லவா?

இன்னொரு பேச்சு உண்டு. "காட்டிவிட்டுப் போகிறான், தொடவில்லையே! பைத்தியக்காரன், விட்டுத் தள்ளு" என்பார்கள். இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். வெய்ன் கசன்ஸ் என்பவன் லண்டன் போலீஸ் படையில் வேலை பார்த்தவன். 2020 நவம்பரில் கெண்ட் பகுதியில் சைக்கிளில் சென்ற ஒரு பெண்ணின் முன் ஆடையின்றி வந்து நின்றான். 2021 பிப்ரவரியில் ஓர் உணவுக்கடையில் மோட்டார் வண்டியில் இருந்தபடியே, பணியாற்றும் பெண்களுக்கு இரண்டு தடவை இப்படிக் காட்டினான். கடைக்காரர்கள் வண்டி எண்ணோடு போலீசுக்குச் சொன்னார்கள். அவனைப் பிடிக்கவில்லை. 2021 மார்ச் 3-ந் தேதி லண்டன் தெருவில் நடந்து போன 33 வயதுப் பெண் ஒருவரைக் கடத்திக் கற்பழித்துக் கொன்றான். கொலைக்கு ஆயுள் முழுவதும் சிறை. அங்கத்தைக் காட்டிய குற்றங்களுக்கு 2023-இல்தான் 19 மாதத் தண்டனை வந்தது. இப்படிக் காட்டுகிறவன் ஒவ்வொருவனும் கொலைகாரனாவான் என்று நாம் சொல்லவில்லை. எவன் காட்டியதோடு நிற்பான், எவன் நிற்கமாட்டான் என்பது காட்டோரத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியுமா? நமக்குத் தெரியுமா?

தோழர்களே! இது யூனியன் பேச வேண்டிய விஷயமா என்று நம் கூட்டத்திலேயே சிலர் கேட்கிறார்கள். 1941-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமையைக் கேட்டார்கள். அந்தச் சைக்கிள் கதையை இன்றும் மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அதே கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளைத் துரைமாரும், "கறுப்புத் துரை" என்று அழைக்கப்பட்ட தோட்ட உத்தியோகஸ்தர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களை மானபங்கம் செய்வது நிற்க வேண்டும் என்பது. நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. தொழிலாளர் உயிர் போயிற்று. அப்படி உயிரைக் கொடுத்துக் கேட்ட கோரிக்கையை மேடையில் சொல்ல நமக்கு நா எழவில்லை. சைக்கிள் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் "கறுப்புத் துரை" என்று சொன்னது எங்கள் இனத்தைத்தான், கிராணிமாரை. இதைச் சொல்லும்போது முன் வரிசையில் சில நண்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளிக்கலாம். ஆனால் நிரையைப் பிரித்துக் கொடுப்பவரும், பேர் போடுபவரும், லீவுக்குக் கையெழுத்து வாங்கித் தருபவரும் யார்? தொழிலாளப் பெண்ணின் அன்றாடச் சம்பளம் எவர் விரல் நுனியில் இருக்கிறதோ, அவரே குற்றவாளியாக இருந்தால் அவள் எந்த மேசைக்குப் போவாள்? இன்று பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. நம் குடும்பங்கள் பல பட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டன. லயங்களில் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். பெர்மிட் முதலாளியின் பெயரில் இருக்கும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு, வாய் திறந்தால் சம்பளம் மட்டுமல்ல, கப்பலேற்றி விடுவார்களோ என்ற பயமும் உண்டு. அவர்களும் மரம் வெட்டுகிறவர்கள்தான். நம் காது அவர்களுக்கும் வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மெத்த இருக்கிறது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 509-ஆம் பிரிவு, ஒருவரின் மானத்தை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல்லும் சொல், செய்யும் சைகை, காட்டும் பொருள் எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கை வைத்தால் 354-ஆம் பிரிவு. 10 ஆண்டு வரை போகும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், கெட்ட எண்ணத்தோடு உடம்பைக் காட்டினால் 2017-ஆம் ஆண்டின் பிள்ளைகள் பாலியல் குற்றச் சட்டம் பாய்கிறது. தொடாமல் காட்டியதற்கே 10 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: அப்படிப்பட்ட குற்றம் நடந்ததை அறிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். ஆகவே பிள்ளை விஷயத்தில், "பேசித் தீர்த்தாயிற்று" என்று எழுதுகிற மண்டோரும் கிராணியும் கமிட்டிக்காரரும் தாங்களே கூண்டில் நிற்க நேரும்.

வேலை இடத்துத் தொல்லைக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. புகார் வந்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். 2023 ஜனவரி 1 முதல், பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி வேலை இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம். நம் பெரட்டுக்களத்தில் ஒட்டியிருக்கிறதா? ஆபீஸ் சுவரில் நாட்காட்டி இருக்கிறது, சாமி படம் இருக்கிறது. அறிவிப்பைக் காணோம்.

இவை போதாதென்று 2022-இல் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கிறது. ஆண் பெண் இருபாலரும் போகலாம். வக்கீல் வேண்டியதில்லை. 250,000 வெள்ளி வரை நட்டஈடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. வேலை இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இத்தனை சட்டமும் எழுத்தில் ஆரம்பிக்கிறது. எழுதப்படாத புகாருக்கு எந்தப் பிரிவும் கிடையாது. கிராணிமாராகிய எங்கள் வேலை அங்கேதான் வருகிறது. எழுத்து எங்கள் பிழைப்பு.

ஒரு பெண் வந்து சொன்னால், அவள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். நம் கூச்சத்துக்காக "தகராறு" என்றும் "தவறான நடத்தை" என்றும் மாற்றக் கூடாது. தேதி, நேரம், எத்தனையாம் நம்பர் காடு, அவன் என்ன செய்தான், என்ன சொன்னான், உடுத்தியிருந்தது என்ன, மோட்டார் எண், முதலில் அவள் யாரிடம் சொன்னாள், இவ்வளவும் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால், விசாரணையில் அந்த ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். போலீஸ் நிலையத்துக்கு அவளோடு ஒருவர் போக வேண்டும். எழுதிய புகாரைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. மலாயில் எழுதியதைத் தமிழில் அவளுக்குச் சொல்லி, அவள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் வேறு சொன்னால் வழக்கு கவிழும்.

கைத்தொலைபேசியில் அசிங்கப் படம் அனுப்புகிறவனும் காட்டோரத்தில் நிற்பவனும் ஒரே ஜாதி. அருவருப்பில் படத்தை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். அதுதான் சாட்சி.

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவன் நம் யூனியன் உறுப்பினனாகவே இருந்தால்? உறுப்பினனை வேலையிலிருந்து நீக்கினால் அவனுக்காக வாதாடுவது யூனியனின் கடமை. புகார் செய்த பெண்ணும் சந்தா கட்டுகிறாள். இருவரும் நம்மவர். இதற்கு நாம் கண்ட வழி ஒன்றுதான்: அவன் சார்பில் விசாரணையில் பேசுகிறவர் வேறு ஆளாகவும், அவளுடைய புகாரைக் கேட்டு எழுதி அவளோடு நிற்பவர் வேறு ஆளாகவும் இருக்க வேண்டும். இருவரும் ஒரே காப்பிக் கடையில் உட்கார்ந்து கதையை மாற்றிக்கொள்ளக் கூடாது. பொய்ப் புகார் வந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்லுகிறோம். தேதியும் நேரமும் காட்டு நம்பரும் எழுதப்பட்ட புகாரைத்தான் பொய்யானால் பொய் என்று காட்ட முடியும். லயத்து வாசலில் பரவுகிற கிசுகிசுவை யார் விசாரிப்பது? குற்றமற்றவனுக்கும் எழுத்துத்தான் பாதுகாப்பு.

சமரசம் என்று ஒன்று சொல்லுவார்கள். கோயில் கமிட்டி முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, நூறு வெள்ளி உண்டியலில் போடச் சொல்லி அனுப்புவது. மாடு மேய்ந்ததற்கு அது சரி. பிள்ளையின் விஷயத்துக்கு அது சரியல்ல. அந்தப் பிள்ளை அடுத்த நாளும் அதே பாதையில்தான் பள்ளிக்குப் போகிறது. அவனும் அதே லயத்தில்தான் இருக்கிறான்.

செயற்குழு போன வாரம் கூடி முடிவு செய்தவற்றைச் சொல்லி அமர்கிறோம். டிவிஷனுக்கு இரண்டு தாய்மார்கள் வீதம் புகார் கேட்பவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்படும். அது ஆபீசுக்குப் போகாது, மண்டோர் கைக்கும் போகாது, பூட்டி வைக்கப்படும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லலாம், கிளைச் செயலாளரின் மகள் எழுதிக் கொடுப்பாள். புகார் செய்தவரின் நிரையை அவர் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்று மானேஜருக்குக் கடிதம் போயிருக்கிறது. பெரட்டுக்களத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வெளியே உதவி வேண்டுவோர் அரசாங்கத்தின் 15999 எண்ணை அழைக்கலாம். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசைக்கு வரலாம். ஆண்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் நிற்காமல் வெளியே போய்த் தேநீர் குடிக்கவும்.